தொடர்புகளுக்கு

நிஷாந்தன் அனுப்பிய மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தபோது சுலோஜனா கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா கமலாம்பிகை எசன் நகர ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய மறுநாள் அது. சுடலை மண்டபத்துக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மின் கிடைத்துவிட்டது. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு மேசை நிறைய இருந்தது. செய்ய ஒரு வேலையும் இல்லாததுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஈரக்கையோடு போனை எடுத்து வாசித்தாள். 'தவராசா (மலேசியா), சுலோஜனா (ஜேர்மனி) ஆகியோரின் பாசமிகு தாயாரும்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

நிஷாந்தன் டோர்ட்மண்டில் அச்சகம் வைத்திருப்பவன். இந்தப் பக்கத்து யாழ்ப்பாணத்தாரின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவன்தான் எழுத்து. அப்பா செத்தபோது எழுதியதை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. அந்த அறிவித்தல் வந்த காலத்தில் அண்ணன் தவராசா மலேசியாவில்தான் இருந்தான். அதற்கு அடுத்த வருஷம் இல்லாமல் போனான்.

இல்லாமல் போனான் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அகதியாகப் போன நாட்டில் வேதக்காரனாகி, பிறகு போதகராகி, அங்கேயே பிறந்து வளர்ந்த எஸ்தரைக் கட்டியவன். முஸ்லிம் பெடியளுக்கு வேதம் படிப்பிக்கிறான் என்று ஒரு கதை அந்த ஊருக்குள் கிளம்பியது. அந்த நாட்டில் அது குற்றம். ஒரு மாலை ஜெபக்கூட்டத்துக்குப் போனவனின் கார் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாகக் கதவு திறந்தபடி நின்றது. போன் ஆசனத்தில் கிடந்தது. இரண்டு வாகனங்கள் வந்து மறித்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள்; பிறகு அவர்களும் ஒன்றும் காணவில்லை என்றார்கள். பொலிசார் அவன் தங்களிடம் இல்லை என்றார்கள், செத்தான் என்றும் சொல்லவில்லை. தேடுகிறோம், தேடுகிறோம் என்றே வருஷங்களைக் கடத்தினார்கள். எஸ்தரின் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மட்டும் நோன்பு வந்தால் இப்போதும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, செய்தி ஏதும் உண்டா என்று விசாரிப்பாராம்.

எங்கள் சனத்தின் மரண அறிவித்தலைப் போல ஒரு குடும்பக் கணக்கெடுப்பு வேறெங்கும் கிடையாது. பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற', இல்லாவிட்டால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. இரண்டில் ஒன்று இல்லாமல் ஒரு மனிதனை அதற்குள் நிறுத்தி வைக்க வழியில்லை. அம்மா காலையில் தேத்தண்ணி குடித்ததும் இந்த அறிவித்தல்களைத்தான் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பாள். தெரியாதவர்களுடையதையும் விடமாட்டாள். யாரைத் தேடினாள் என்று சுலோஜனா ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் போல இருந்தது, கேட்க ஆளில்லை.

கணவன் சிறீதரன் அறிவித்தலை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான்.

"சுலோ, காலஞ்சென்ற எண்டு போடுவம். எத்தினை வருஷமாச்சு."

பீலெஃபெல்டிலிருந்து போன் எடுத்த சின்ன மாமா, பெயரையே விட்டுவிட்டால் பிரச்சினையில்லை என்றார். செத்த வீட்டில் நின்று வாறவன் போறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஏலுமோ என்று கேட்டார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் பாதியில் விட்ட வேலையை இவர்கள் இருவரும் முடித்து வைக்கப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு பயமும் இருந்தது. செத்துவிட்டான் என்று யாராவது நிச்சயமாகச் சொன்னால் ஒருதரம் அழுது முடிக்கலாமே என்று அவளே நினைத்திருக்கிறாள். குசினிக்குப் போனாள், பல்கனிக்குப் போனாள், அம்மாவின் கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள், திரும்பக் குசினிக்கு வந்தாள். சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா அந்தப் படத்துக்குப் பூ வைக்க யாரையும் விட்டதில்லை.

கடைசியில் எஸ்தருக்கே போன் எடுத்தாள். அங்கே இரவாகியிருந்தது. எஸ்தர் முதலில் மாமிக்காக அழுதாள். பிறகு சுலோஜனா மெல்ல விஷயத்தைச் சொன்னாள். எஸ்தர் காற்றாடியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மலேசியான்னே போடுங்க சுலோ. மலேசியாவுல எங்கன்னுதான் நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்." பிறகு, "கீழ போன் நம்பருங்க போடுவீங்கல்ல? அவரு நம்பரையும் போடுங்க," என்றாள்.

விசாரணை என்று எடுத்துப்போன அண்ணனின் போனைப் பொலிசார் பிறகு திருப்பிக் கொடுத்திருந்தார்கள். எஸ்தர் இன்றுவரை அதற்கு சார்ஜ் போட்டுவருகிறாள். ஆரம்பத்தில் சபையார் எடுப்பார்கள், பத்திரிகைக்காரர்கள் எடுப்பார்கள். வரவர எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

"அது அடிச்சு ரொம்ப நாளாச்சு சுலோ. நேரமெல்லாம் பாக்க வேணாம், யாரு வேணா எடுக்கட்டும். நான் முழிச்சிருப்பேன்."

சுலோஜனா நிஷாந்தனுக்குச் சொன்னபோது அவன் தயங்கினான். எடுக்கிற ஆட்களோடு யார் கதைப்பது என்று கேட்டான்.

"அண்ணன்ர மனுசி கதைப்பா. மூத்த பிள்ளையின்ர நம்பர்தான் முதல் வரவேணும், தம்பி. அப்பிடியே போடும்."

சிறீதரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடியை மாட்டி, அவள் தாளில் எழுதிவைத்த இலக்கங்களைத் தன் போனில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "முன்னுக்கு மலேசியாவின்ர அறுபது விடுபட்டுப் போச்சு," என்று சொல்லி, தானே எழுதிக் கொடுத்தான்.

பின்னேரம் அறிவித்தல் வெளியானது. தொடர்புகளுக்கு என்பதன் கீழே முதல் வரியில் 'தவராசா – மகன் – மலேசியா' என்று இருந்தது. சிறிது நேரத்தில் சிறீதரனின் போன் அடிக்கத் தொடங்கியது. கனடா, பாரிஸ், லண்டன். சுலோஜனாவுக்கும் வந்தது. எல்லோரும் அம்மாவைப் பற்றியே கேட்டார்கள். இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவள் பல்கனிக்கு வந்து அண்ணனின் நம்பரை அழுத்தினாள். அவன் போனபிறகு அந்த நம்பருக்கு அவள் எடுத்ததே இல்லை.

மணி அடிக்கவில்லை. லைன் பிசியாக இருந்தது; அவளுக்கு முன்னமே யாரோ எடுத்திருந்தார்கள். கட் பண்ணிவிட்டுத் திரும்ப எடுத்தாள். அப்போதும் பிசிதான். உள்ளே அவளை யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், விட்டுவிட்டுக் கேட்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.