விட்டுக் கொடுத்தல்

கயிறு இழுக்கும் போட்டியின் அரையிறுதியில் மடிப்புப் பிரிவு வென்றது. வென்ற கையோடு கறார் திரும்பித் தன் நாத்தனாரைப் பார்த்து, "நீ இழுக்கல" என்றாள்.

கறார் என்பது அவள் பெயரன்று. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை நிலையத்தில் கூட வேலை செய்பவர்கள் இட்ட பெயர். ஓரம் ஓரத்தோடு விரற்கடை பிசகினாலும் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று வாய்த்திருக்காது. நாத்தனார், அவள் கணவனின் தங்கை. ஒரே வீட்டில் இருப்பவள். கறாரே சொல்லிச் சேர்த்துவிட்டதால் ஒரே மேசையில், ஒரே விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள். ஆக, விழித்திருக்கும் நேரமெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும்.

"என்ன அண்ணி இது? கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நின்னேன்?"

"நின்னே. பிடிச்சே. இல்லைன்னு யார் சொன்னா? பிடிச்சது வேற, இழுத்தது வேற."

சுற்றிலும் பெண்கள் கட்டிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அணிக்குப் பயிற்சி கொடுத்த வண்டி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்தார். "ஜெயிச்சாச்சும்மா! ஜெயிச்ச இடத்துல என்ன கச்சேரி?"

"நான் ஜெயிச்சதைப் பத்திப் பேசல."

அவள் பேசியது கயிற்றைப் பற்றி. வரிசையில் கடைசி ஆள் நாத்தனார். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள். அவளுக்கு முன்னால் கறார். கடைசி ஆள் இழுத்தால் இருவருக்கும் இடையிலுள்ள கயிறு விறைக்கும், இழுக்காவிட்டால் தொய்யும். இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. அன்று அது ஆட்டம் முழுவதும் தொய்ந்தே கிடந்து, கொடியில் காயும் துணிபோலக் கறாரின் முழங்கையில் வந்து வந்து இடித்தது.

"சரி, இழுக்கல. இப்ப என்னங்கறீங்க?" நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எதிர்ல யாரு? அலுவலகத்து அம்மாக்கள். பேனாவைத் தவிர எதையும் தூக்கி அறியாத ஜனம். முன்னாடி நீங்க இத்தனை பேர் இழுக்கறீங்க. ஜெயிக்கிற பக்கத்துல நான் வேற எதுக்கு வேர்க்கணும்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கறாரைச் சுட்டது.

"அப்ப நீ ஜெயிக்கல. கூட வந்தே. நம்ம வண்டிக்குப் பின்னாடி ஓடுற நாயும்தான் கூட வருது."

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நாத்தனாரின் முகம் வெளுத்தது. 

வீட்டில் இதை விசாரிக்க வேண்டியவர் கறாரின் கணவர். தங்கையும் மனைவியும் மோதும்போதெல்லாம் இருபுறமும் தலையாட்டிவிட்டு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போவதால், அவருக்கு வீட்டில் 'நடுவர்' என்று பெயர். ஆனால் இந்த முறை எழுந்து போக முடியாத நெருக்கடி அவருக்கு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு கடை மூடிக் கிடந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் குழாயோடு முற்றம். பெண்கள் இருவரும் வெளுத்து மடிக்க, அவர் இஸ்திரி போட, மூவரும் சொந்தமாகச் சலவைக் கடை வைப்பது என்று பேசி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு வாடகைக்குக் கொடுத்துவிடுவேன் என்று கடையின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். இருவரில் ஒருத்தி விலகினாலும் கடை கிடையாது.

"நான் வரல" என்றாள் கறார். "கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவளோட கடை வைக்க முடியாது. நாளைக்கு அங்கேயும், அண்ணி துவைக்கிறாங்களே, நான் எதுக்குன்னு நிப்பா."

நடுவர் இருமினார். "நீதான் பெரியவ. கொஞ்சம் விட்டுக் கொடேன்."

"எதை?"

"எதையாவது."

சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கீழே வைக்கப்பட்டது. நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். "அண்ணே, எனக்காக யாரும் விட்டுக் கொடுக்க வேண்டாம். இறுதி ஆட்டம் சனிக்கிழமைதானே? பார்க்கச் சொல்லு. கை பிய்ஞ்சு போனாலும் இழுக்கிறேன். ஆசையில இல்ல. இவங்க வாயை அடைக்கிறதுக்கு."

"நல்லது" என்றாள் கறார். "இழுத்தா கடை. இல்லைன்னா இல்ல."

"ஜெயிச்சா கடைங்கறே" என்று நடுவர் முகம் மலர்ந்தார்.

"ஜெயிக்கிறதைப் பத்தி யாருங்க பேசினா? தோத்தாலும் சரி. கயிறு விறைப்பா இருந்தா கடை."

அந்த வாரம் இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "உன் பெண்டாட்டிகிட்ட சோப்பு தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்று நாத்தனார் சொல்வாள். பெண்டாட்டி எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "உங்க தங்கச்சியை விளக்கை அணைக்கச் சொல்லுங்க" என்று பதில் வரும். நடுவர் சோப்பு வாங்கிவந்து, விளக்கையும் தாமே அணைத்தார். மடிப்பு மேசையில் கறார் குறை சொல்ல இடமே இல்லாதபடி நாத்தனார் மூலைக்கு மூலை அளந்து வைத்ததுபோல் மடித்தாள். குறை கிடைக்காதது கறாருக்கு ஒரு குறையாக இருந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது துவைப்புப் பிரிவு. ஈரத்துணி மூட்டைகளைக் காலை முதல் மாலை வரை தூக்கிப் பழகிய பெண்கள். அவர்களில் முன்னால் நிற்பவளுக்குத் தூண் என்று பெயர். காரணம் கேட்க வேண்டியதில்லை. "இன்னிக்கு இடுப்புல கயிறு சுத்தியிருக்கறது தூங்கறதுக்கா, இழுக்கறதுக்கா?" என்று தூண் மடிப்புப் பிரிவின் கடைசி ஆளைப் பார்த்து உரக்கக் கேட்டாள். கறார் அரையிறுதியில் சொன்னது கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. நாத்தனார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

மேற்பார்வையாளர் விசில் ஊதினார்.

கறாரின் முதுகுக்குப் பின்னால் கயிறு கோல்போல் விறைத்தது. தொய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னாலிருந்து வந்த இழுப்பு, கறார் தன் முழு பலத்தையும் கொடுத்தால் எவ்வளவோ அதைவிட ஒரு பிடி கூடுதலாக இருந்தது. இதைத்தானே அவள் கேட்டாள்? கிடைத்தபோது மகிழ்ச்சி வரவில்லை. தன் குற்றச்சாட்டு கையை விட்டுப் போவதுபோல ஓர் எரிச்சல்தான் வந்தது.

கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி முதலில் அசையவில்லை. பிறகு அசைந்தது, துவைப்புப் பிரிவின் பக்கமாக. மடிப்புப் பிரிவின் முதல் பெண் சறுக்கினாள். அவள்மேல் அடுத்தவள் விழுந்தாள். "எழுந்திரு! விடாதே!" என்று ஓட்டுநர் அலறினார். கறார் குதிகாலை மண்ணில் ஊன்றிப் பார்த்தாள். உள்ளங்கை எரிந்தது. சிவப்புத் துணிக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு சாண் கூட மீதமில்லை. முடிந்தது. முடிந்துபோன ஒன்றுக்காகத் தோலை உரித்துக்கொள்வானேன்?

யோசித்துத் தீர்மானித்தாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் கை வழுக்கிற்று என்றால் அது பொய். கறார் விட்டாள்.

கயிறு அவள் விரல்களுக்கு ஊடாக முன்னே ஓடியது. அதன் நுனியில், இடுப்பில் சுற்றிய சுற்றோடு, நாத்தனார் அவளைக் கடந்து போனாள். குதிகால்கள் மண்ணில் இரண்டு கோடு கிழித்தன. பிறகு குப்புற விழுந்தாள், விழுந்தும் விடவில்லை. முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்து, தனியாளாய் ஒரு பிரிவையே எதிர்த்து இழுத்தபடி கோட்டைத் தாண்டிப் போனாள். விசில் ஊதிய பிறகும் இழுத்தாள். மேற்பார்வையாளர் குனிந்து, "முடிஞ்சு போச்சும்மா, தோத்தாச்சு, விடு" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"தோத்தது யாரு? பார்த்தீங்களா எங்க பொண்ணை!" என்று ஓட்டுநர் தொப்பியை வானத்தில் எறிந்தார். தூண்கூட வந்து நாத்தனாரைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டாள். "தூக்கம் கலைஞ்சிடுச்சு போல" என்றாள், இம்முறை மரியாதையாக.

கறாரை யாரும் பார்க்கவில்லை. விழுந்தவர்களின் குவியலில் அவள் நின்றாளா, பிடித்தாளா, விட்டாளா என்று எவருக்கும் தெரியாது. பின்னால் இருந்த ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடிற்று. கறார் மருந்துக் குப்பியோடு போய் நின்றாள்.

"வெச்சுட்டுப் போங்க."

கறார் வைத்தாள். போகவில்லை. "கை..." என்று தொடங்கினாள்.

"கைக்கு என்ன?"

வழுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அடுத்தவர் மடிப்பில் விரற்கடைப் பிசகைப் பொறுக்காதவளுக்குத் தன் வாயிலிருந்து ஒரு தவறான வினைச்சொல் வருவதும் பொறுக்கவில்லை.

"விட்டேன்" என்றாள்.

"தெரியும்." நாத்தனார் குழாயை மூடினாள். "ஜெயிக்கிற பக்கத்துல நான் இழுக்காம நின்னேன். நாய்னு சொன்னீங்க, வாங்கிக்கிட்டேன். தோக்கிற பக்கத்துல விட்டவங்களுக்கு என்ன பேரு வைக்கலாம், நீங்களே சொல்லுங்க. எனக்கு அவ்வளவு சொல் தெரியாது."

கறாருக்கு நிறையச் சொற்கள் தெரியும். குப்பியின் மூடியை மட்டும் திறந்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து நடுவர் வந்து சேர்ந்தார். தோல்வியில் ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்வது அவருக்குப் பிடித்த வேலை. "சரி சரி, தோத்தா என்ன குடியா முழுகிப் போச்சு?"

"ஒண்ணும் முழுகல அண்ணே. நீ சொன்னபடியே அண்ணி விட்டுக் கொடுத்துட்டாங்க."

நடுவரின் முகத்தில் அத்தனை நாள் காணாத நிம்மதி பரவியது. "அப்படியா! அதுதாம்மா குடும்பத்துக்கு அழகு" என்று மனைவியின் தோளில் தட்டினார். "அப்ப திங்கட்கிழமை கடை சொந்தக்காரர்கிட்ட சரின்னு சொல்லிடலாமா?"

"நான் சொல்றேன்" என்றாள் நாத்தனார். "இப்ப சொல்ல வேண்டியது நான்தான். விட்டுட்டுப் போறவங்களோட கடை வைக்கலாமான்னு யோசிக்கணும்." கைத்துண்டை முழங்கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள். மருந்துக் குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தூதுக்குக்கூட வேலையில்லை; சோப்பும் இருந்தது, விளக்கும் எரியவில்லை. நடுவர் இரண்டு முறை கடையைப் போய்ப் பூட்டோடு பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை, மடிப்பு மேசையில் அந்த வாரத்தின் முதல் விரிப்பு. விடுதியிலிருந்து வந்த அகலமான விரிப்பு. அதை மடிக்கும் முன் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்க வேண்டும். சுருக்கம் போவது அதில்தான். கறார் தன் முனையைப் பிடித்தாள். நாத்தனார் இழுத்தாள்.

அது துணிக்கு வேண்டிய இழுப்பன்று. கறார் ஓரடி முன்னால் தடுமாறி, இடுப்பெலும்பு மேசை விளிம்பில் இடிக்க நின்றாள். சனிக்கிழமை எரிந்த உள்ளங்கை மறுபடி எரிந்தது. விட்டால் நாத்தனார் மல்லாக்க விழுவாள். நியாயமும் தீர்ந்துவிடும், கடையும் தீர்ந்துவிடும். நாத்தனார் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறார் விடவில்லை. காலை ஊன்றித் திருப்பி இழுத்தாள். விரிப்பு நடுவில் 'கிர்' என்றது.

"துணியை மடிக்கச் சொன்னா கிழிக்கிறீங்களா ரெண்டு பேரும்?" என்று மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்தினார். இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிழிசல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போனது. ஒருத்தியும் தளர்த்தவில்லை.

"அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடுங்க" என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்தபடி. "ஆனா ஒண்ணு. எனக்கு உங்களைப் பிடிக்கல."

"பிடிக்க வேண்டாம்" என்றாள் கறார். "இழு."