நான்காவது வரி

மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் அந்த அம்மாளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காத ஜென்மம். அந்தப் பெயரை வைத்தவர் ரப்பர் அண்ணன். அவருக்கு ரப்பர் என்று பெயர் வைத்தவள் இவள். அதில் இரண்டு பேரும் சரிக்குச் சரி.

இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய கதை அது. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. கீழே யாராவது டயருக்குக் காற்றடித்தால் மேலே தரை புஸ் புஸ்ஸென்று மூச்சு விடும். அந்த அறையில் மூன்றே பேர் கொண்ட ஒரு கம்பெனி ‘கோட்டை’ என்று ஒரு சீட்டாட்டம் தயாரித்தது. முதலாளி பெட்டிகளைச் சுமந்து கடை கடையாக ஏறுவார். ஆட்டத்தை யோசிப்பது அண்ணன். அதை அட்டையில் படமும் எழுத்துமாக அடுக்குவது மில்லி. அண்ணன் பேனாவைத் தொடவே மாட்டார். பென்சிலால் எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். அவர் ஊதித் தள்ளிய ரப்பர் தூளில் பாதி மில்லியின் டீயில்தான் விழுந்தது.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் ஆடிப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு கோட்டை, அதற்கு இருபது கல். வீரர்களை அனுப்பி எதிராளியின் கல்லைப் பெயர்க்க வேண்டும். ஆடும் முறை வரும்போதெல்லாம் ஒரு விளக்கு கூடும், அதுதான் ஆட்டத்தின் காசு. அட்டை போட விளக்கைச் செலவழிக்க வேண்டும், செலவழித்தது அடுத்த முறை மறுபடி எரியும். அவ்வளவுதான் ஆட்டம். இந்தச் சின்ன ஆட்டத்தில் மில்லி தினமும் தவறாமல் தோற்றாள்.

அதற்குக் காரணம் ‘இன்னொரு முறை’ என்ற அட்டை. ஐந்து விளக்கு கொடுத்து அதைப் போட்டால், எதிராளிக்கு விடாமல் தானே அடுத்த முறையையும் ஆடலாம். அது கையில் வந்ததும் மில்லிக்கு இருப்புக் கொள்ளாது. ஐந்தாவது விளக்கு எரிந்த கையோடு போட்டுவிடுவாள்.

“ஏன் இப்பவே போட்ட?”

“கைக்கு வந்துச்சு, போட்டேன்.”

“மேசையில ஒரு வீரன் இல்ல. இருந்த விளக்கையும் இதுக்கே கொட்டிட்ட. இன்னொரு முறை ஆடி என்ன கிழிக்கப் போற? லீவு நாள்ல அலாரம் வெச்சு எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

அவர் ஆடுவது வேறு. மூன்று வீரர்களை இறக்கிவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். எட்டு விளக்கு சேர்ந்ததும் முதலில் ‘முரசு’. அது மேசையில் இருக்கும்வரை வீரர்களின் அடி இரண்டு மடங்கு. அதன் பின்னாலேயே ‘இன்னொரு முறை’. ஒரு அலை அடித்து முடிந்ததும், இவள் சுவரைப் பூசுவதற்குள் இரண்டாவது அலை வந்துவிடும். “உங்களோட மனுஷி ஆடுவாளா?” என்று மில்லி சீட்டை வீசுவாள். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைக் கழுவும் முன்பே சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பாள். பிற்பாடு எத்தனையோ இடத்தில் வேலை பார்த்தாள், சம்பளமும் கூடத்தான். ஆனால் மதியம் எப்போது வரும் என்று காத்திருந்தது அந்த அறையில் மட்டும்தான்.

எழுத்து அச்சுக்குப் போக வேண்டிய நாளில் அண்ணனின் மனைவிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. அட்டைகளுக்கான வாசகம் எழுதிய கடைசிக் கட்டுத் துண்டுச் சீட்டுகளை மில்லியின் மேசையில் போட்டுவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அச்சகக்காரர் ஐந்து மணிக்குள் வேண்டும் என்று குதித்தார். எல்லாம் சரியாக உட்கார்ந்தது, ‘இன்னொரு முறை’ தவிர. அதில் நான்கு வரி. நான்காவது வரி கட்டத்தைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்த்தது.

‘பின் இந்த அட்டையை ஆட்டத்தைவிட்டே நீக்கிவிடு.’

எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரு அட்டையில் மட்டும் பொடி எழுத்தா? மில்லியின் மானம் என்ன ஆவது! போட்ட அட்டை எப்படியும் கழித்த குவியலுக்குத்தானே போகிறது, இதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தாள். வெட்டினாள். கட்டம் கச்சிதமாக அமைந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள், பாவி.

அதே கட்டுக்குள் புதிதாக ஒரு அட்டை இருந்தது, ‘பழைய சாமான்காரர்’. மேசையில் இருக்கும்வரை முறைக்கு ஒரு தடவை, கழித்த குவியலிலிருந்து ஏதாவது ஒரு அட்டையைப் பொறுக்கிக் கையில் கொடுப்பார். அந்த அட்டையை வைத்து மில்லி ஆடிப் பார்த்ததே இல்லை. பெட்டி வாங்கி ஆடியவர்கள் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘இன்னொரு முறை’யைப் போடு. சாமான்காரர் அதைப் பொறுக்கிக் கொடுப்பார். மறுபடி போடு, மறுபடி பொறுக்கு. எதிராளிக்கு முறை என்பதே வராது. ஒரு கடையில் நடந்த போட்டியில் ஒருவர் தொடர்ந்து பதினான்கு முறை ஆடினாராம். எதிரே இருந்தவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தும் அவர் முறை வரவில்லையாம். பெட்டிகள் போன வழியே திரும்பி வந்தன.

“அந்த வரியை எழுதினியா, இல்லையா?” என்று முதலாளி கேட்டார்.

பிள்ளை பெற்ற வீட்டுத் தூக்கக் கலக்கத்தில் அண்ணன் நோட்டைப் புரட்டினார். பென்சில் எழுத்து, பாதிக்கு மேல் அழித்தாயிற்று. “எழுதினேன்னுதான் நெனச்சேன்,” என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “மறந்துட்டேன் போலிருக்கு,” என்றார்.

மில்லி பக்கத்தில்தான் நின்றாள். அவர் எழுதிய துண்டுச் சீட்டு அவள் இழுப்பறையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். அந்த வாரமே அறைக்குப் பூட்டு விழுந்தது.

போன மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியது அன்றைக்குப் பிறந்த அண்ணன் மகள். ‘அப்பா ஒரு பெட்டிகூட வைத்துக்கொள்ளவில்லை. உங்களிடம் இருந்தால் ஒரு நாள் கொண்டுவர முடியுமா, அத்தை?’

முகம் தெரியாத பிள்ளை அத்தை என்று எழுதியது மில்லியை என்னவோ செய்தது. பெட்டியை எடுத்தாள். துண்டுச் சீட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் இப்போது ஒரு பேருந்துப் பணிமனையில் இருந்தார். எந்த வண்டிக்கு எந்த டிரைவர், யாருக்கு எப்போது ஓய்வு என்று டியூட்டி சார்ட் போடும் வேலை. டீசல் வாடை அடிக்கும் அறை. முன்பு எப்போதும் அவர் காதில் செருகியிருந்த பென்சிலைக் காணோம். எதிரே ஒரு மீசைக்கார கண்டக்டர் மறுநாள் சார்ட்டை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முடித்ததும் இன்னொரு கண்டக்டர் வந்து அதையே படித்தார். அதற்குப் பிறகுதான் சார்ட் பலகைக்குப் போனது.

“பதினஞ்சு வருஷமா இதே பாட்டுதான்மா,” என்றார் மீசைக்காரர். “இவரு சார்ட்ல ஒரு தப்பு நான் பாத்ததில்ல. ஆனா ரெண்டு பேரு படிச்சுக் காட்டாம ஒட்ட விடமாட்டாரு. இன்னும் அரை மணியில அடுத்த டிப்போ சார்ட்டைப் படிக்க நான் மறுபடி வரணும்.”

அவர் போனதும் அண்ணன் சிரித்தார். “என் தலையை நம்ப முடியாது மில்லி. உனக்குத் தெரியாததா?”

மில்லி பெட்டியைத் திறந்தாள். சீட்டுகளைக் கண்டதும் மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. முகர்ந்து பார்த்தார், விரல் மறக்காமல் கலைத்தார். முரசைத் தூக்கிக் காட்டி, “எத்தனை நாள் அழுதிருக்க இதுக்கு!” என்றார். அடுத்து ‘இன்னொரு முறை’ வந்தது. அதைப் படிக்காமலேயே கவிழ்த்து ஓரமாக வைத்தார். “இது இல்லாம ஆடலாம்.”

“அண்ணே,” என்று மில்லி அந்தத் துண்டுச் சீட்டை அவர் முன்னால் வைத்தாள். “நீங்க எழுதியிருந்தீங்க. நாலு வரியும் எழுதியிருந்தீங்க. இடம் பத்தலைன்னு நான்தான் வெட்டினேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தன் கையெழுத்தை விரலால் தடவினார்.

“எவ்வளவு வெளிய வந்துச்சு?”

“அரை மில்லி.”

“அரை மில்லி.” அவர் குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “எம்பொண்ணு சின்ன வயசுல தினம் கேப்பா, எனக்கு ஒரு ஆட்டம் பண்ணிக் குடுங்கப்பான்னு. பண்ணலை. எதையாவது மறந்து தொலைப்பேன், அவ பாத்துச் சிரிப்பாளோன்னு. கேட்டுக் கேட்டு நிறுத்திட்டா.”

எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தாள். நிறுத்தியிருந்த பேருந்துகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போய்விடலாமா என்று மில்லிக்குத் தோன்றியது. ஒரு முறை ஓடி ஒளிந்தது போதும் என்று உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள்.

அண்ணன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. துண்டுச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த டிப்போ சார்ட்டை இழுத்து மிச்சமிருந்த கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தார். கடைசிக் கட்டம் முடியும்போது மீசைக்காரர் வந்து, வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளை வாங்கினார்.

“வண்டி எண் நாலு, காலை ஷிப்ட்...”

“படிக்க வேண்டாம்,” என்றார் அண்ணன்.

“என்ன சார்?”

“சரியாத்தான் இருக்கும். கொண்டு போய் ஒட்டு.”

மீசைக்காரர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பலகையில் தாளை ஒட்டித் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.