வருமுன் தெரிவது

தையல்கடைக்காரிக்கு நாற்பத்து நான்கு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. இருபது வருடம் வேன் ஓட்டிய கணவனுக்கு வலிப்பு வர ஆரம்பித்ததும், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லைசென்ஸுக்கான கேள்வித்தாளில் அவள் தேறிவிட்டாள். அடுத்தது கணினித் தேர்வு. திரையில் சாலை ஓடும். ஆபத்து தலைகாட்டியதுமே பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை கோட்டைவிட்டாள். நின்ற லாரிக்குப் பின்னாலிருந்து சைக்கிள் முழுசாக வெளியே வந்த பிறகுதான் அவள் விரல் அசைந்தது. இதெல்லாம் தன் மண்டையில் ஏறாது என்று கணவனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் விடவில்லை. தினமும் கடையை அடைத்ததும் அவளைத் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனான். நிற்கும் காரின் முன்சக்கரம் திரும்பியிருந்தால் அது கிளம்பப்போகிறது, பஸ்ஸுக்கு அடியில் கால்கள் தெரிந்தால் யாரோ குறுக்கே வரப்போகிறார்கள் என்று காட்டிக்கொண்டே வந்தான். அவளும் தலையாட்டினாள். மறுநாள் கேட்டால் பாதி மறந்திருக்கும். சாலையைப் பார்க்காமல், எதிரே வந்தவரின் கோட்டுத் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

நான்காம் நாள், பேசிக்கொண்டே வந்தவன் ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொன்னான். அவ்வளவுதான். அவள் அவனைச் சாலையோரத்திலிருந்து உள்ளே இழுத்து, மருந்துக்கடை வாசலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் பையை வைத்தாள். அதற்குப் பிறகுதான் கைகால் இழுக்கத் தொடங்கியது. கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிமிடத்தில் அடங்கியது.

நன்றாகத் தெளிந்த பிறகு, எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"ஒரே வார்த்தைய ரெண்டு தடவ சொன்னீங்க. கட்டைவிரலும் உள்ள மடங்குச்சு."

அவன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கே தெரியாதது உனக்குத் தெரியுது. ரோட்டையும் அப்படியே பாரு. யாருக்கும் ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு பாரு, போதும்."

அன்றிலிருந்து அவள் சாலையைப் பாடமாகப் பார்க்கவில்லை. பயிற்சித் திரையில், போனில் மூழ்கியபடி நடைபாதை ஓரத்துக்கு வரும் பெண்ணைக் கண்டதும், பாவம், பார்க்காமலே இறங்கிவிடுவாளே என்று மனம் பதறும். விரல் தானாக அழுத்தும்.

இரண்டாம் தடவை தேறினாள். ஓட்டிக்காட்டும் தேர்வு இன்னும் பாக்கி. வெளியே காத்திருந்தவனிடம் தாளை நீட்டினாள்.

"இனி நான் பக்கத்துல உக்காந்து நிம்மதியாத் தூங்கலாம்" என்றான்.

அவள் சிரித்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும், வண்டிகள் போகும் பக்கமாகத் தான் நடந்து, அவனை உள்பக்கம் நடக்கவிட்டாள்.