தனி ஸ்பீக்கர்

பழுதான எட்டு வால்வு ரேடியோவை நடைக்குத் தூக்கி வந்து வைப்பதற்குள் நரசிம்மமூர்த்திக்கு மூச்சு வாங்கியது. கடை மெக்கானிக் சித்தையன் கை கொடுக்க எழுந்தான். "தொடாதே" என்றார். ரேடியோ இருப்பது பெருமாள் அறையை ஒட்டிய கூடத்தில். சித்தையன் வேறு ஜாதி, அதிலும் சூனியத்துக்குப் பேர்போன கொள்ளேகாலத்துக்காரன்; நடையைத் தாண்டக்கூடாது. நாலு மாதம் முன்பு, ஐம்பத்தாறு தைமாதம் வாங்கியபோதும் அப்படித்தான். அவன் நடையில் நின்று கத்திச் சொல்ல, இவரே உள்ளே பொருத்தினார்.

அப்போது ரேடியோ கூடவே ஒரு சின்னப் பெட்டியும் வந்திருந்தது. தம்பூரா, வயலின் மாதிரி மெல்லிய நாதத்துக்கென்று தனி ஸ்பீக்கர். மைசூரில் நாலு வீட்டில்தான் உண்டு என்பார். வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்வார். அவர்களும் ஆஹா என்பார்கள்.

அவர் மனைவி பத்மாஸினிக்கு மட்டும் அது முதல் நாளிலிருந்தே கேட்கவில்லை. சொன்னாள். "நோக்குக் காது போச்சு" என்றார். சொல்லிச் சொல்லி அவளையே நம்பவைத்தார். அவளிடம் வீணை கற்க வந்த மூன்று பெண்களையும் போன மாதம் நிறுத்திவிட்டார். செவிட்டு வாத்தியார் என்று ஊர் சிரிக்குமாம்.

அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். புது வால்வைப் போட்டு முடித்த சித்தையன் ரேடியோவைத் திருப்பினான். சின்ன ஸ்பீக்கரின் பிளக் போகவேண்டிய துளைமேல் கம்பெனி ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தது. நிமிர்ந்தான். கூடத்து வாசலில் நின்ற பத்மாஸினியும் பார்த்துவிட்டாள்.

"அவர்கிட்ட சொல்லு."

"வேண்டாங்கம்மா. நீ சரியாச் சொல்லித் தரலேன்னு என் தலையில கட்டுவாரு. மொதலாளி சீட்டக் கிழிச்சிருவாரு." காகிதத்தை உரித்து ஜேபியில் போட்டுக்கொண்டான்.

"என் காதே போச்சுங்கறாரேடா."

"இப்ப உங்களுக்குத் தெரிஞ்சுருச்சில்லீங்க. அப்புறமென்ன."

அவனை அறையவேண்டும் போலிருந்தது.

நரசிம்மமூர்த்தி வந்தார். "ஸ்பீக்கரெல்லாம் சரியா இருந்துதாடா?"

"ஒரு கொறையுமில்லீங்க சாமி."

"இவளண்ட சொல்லு. சும்மா பெட்டிமேலே குத்தம் சொல்லிண்டிருக்கா."

சாயங்காலம் கூடத்தில் ரேடியோவில் கச்சேரி வைத்தார். பின்னால் சின்ன ஸ்பீக்கரின் வயரை மாட்டுவது போல நின்ற பத்மாஸினி மாட்டவில்லை. அவர் கண்ணை மூடினார். தலை ஆடியது.

"தம்பூரா தந்தி ஒண்ணொண்ணும் தனியாக் கேக்கறது. நோக்கெங்கே."

பிளக்கைச் செருகினாள். மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து கூடத்தை நிறைத்தது. அவள் கையில் மயிர் கூச்செறிந்தது. அவர் தலை அதே ஆட்டம் ஆடியது. பிடுங்கினாள். ரீங்காரம் அறுந்தது. அதே ஆட்டம்.

"நாளைலேர்ந்து பொண்களை வரச்சொல்றேன்."

"போடி செவிடி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

செருகினாள். பிடுங்கினாள். செருகினாள். தாளம் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது அந்தத் தலை.