உலைக்குள் பதினோரு வருடம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் வாயு உலைக்குள் கொத்தனார் பதினோரு வருடமும் மூன்று மாதமும் இருந்தார். ஏறக்குறைய அந்தக் காலம் முழுக்க உள்ளே ஆயிரத்து முந்நூறு டிகிரிக்குக் குறையாத சூடு. அவர் சாகவில்லை. ஊரில் இதை நம்பாதவர் கிடையாது. ஆலை நிர்வாகமும் நம்பத்தான் செய்தது, காகிதத்தில் மட்டும் நம்பவில்லை. வருகைப் பதிவேட்டில் அத்தனை நாளும் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தார்கள்.

அந்த உலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று விலைபோவதையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு அடியில் ஒரு கறுப்பு மிஞ்சும். தாரைவிடக் கெட்டி, வாங்க ஆளில்லாத சரக்கு. அதை இந்த உலைக்குள் விட்டு, ஆக்சிஜனும் நீராவியும் கொடுத்து, முழுதாக எரியவும் விடாமல் அணையவும் விடாமல் திணறடித்தால் அது வாயுவாக மாறும். அந்த வாயுவைக் கழுவிக் கந்தகத்தைப் பிரித்து எரித்தால் ஒரு டர்பைன் சுற்றும், மின்சாரம் வரும். எரிந்து போகிற புகையின் சூட்டையும் வீணாக்குவதில்லை. அதிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியில் இன்னொரு டர்பைனைச் சுற்றவிடுவார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சக்கையைப் பிழிந்தே பழகிய கை மனிதனையும் அப்படித்தான் தொடுகிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆலைக்கு வேண்டியதுபோக மிச்ச மின்சாரம் பாதி ஊருக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம்.

உலையின் இரும்புக் கூட்டுக்கு உள்ளே மூன்று அடுக்கு நெருப்புச் செங்கல் கட்டியிருக்கும். இரண்டு வருடத்தில் அது தேய்ந்துவிடும். உலையை அணைத்து, ஆற வைத்து, கொத்தனார்கள் உள்ளே இறங்கி மாற்றுவார்கள். அவர்களில் மூத்த கையான நம் கொத்தனாரை எல்லோரும் தூக்குக்குண்டு என்றுதான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் நூலளவு சாய்ந்த சுவரைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல்காலைத்தான் முதலில் பார்ப்பார் என்று அவர் மனைவி கேலி செய்வாள். உள்ளே இறங்குபவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை உலை வாசலில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் ஒரு வில்லை தொங்கினாலும் உலையை மூடக்கூடாது. உள்ளே முகமூடியோடு இருப்பவர்களுக்குப் பேச்சு கேட்காது என்பதால் தட்டுதான் பாஷை. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் கல் வேண்டும், இரண்டு வந்தால் கலவை வேண்டும். வெளியிலிருந்து மேஸ்திரி நிறுத்தி நிறுத்தி மூன்று தட்டு தட்டினால் வேலை முடிந்தது, ஏறி வா என்று அர்த்தம். மூன்று தட்டு கேட்காமல் வேலையை விட்டு ஏறி வருகிற பழக்கம் அந்தத் தொழிலில் கிடையாது.

சட்டம் அப்படி, நடைமுறை வேறு. டீக்குப் போகிற அவசரத்தில் வில்லையை ஆணியிலேயே விட்டுவிட்டு ஏறிப் போவது எல்லோருக்கும் வழக்கமாகியிருந்தது. மேஸ்திரி நல்ல மனுஷன். யாரையும் மேலே போட்டுக்கொடுக்க மாட்டார். மறந்த வில்லைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீடு திரும்பும் வழியில் அவரவர் வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அந்த நல்ல குணம்தான் வினையாயிற்று. அன்றைக்கு உலையைப் பற்றவைக்கப் பெரிய இடத்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. வெள்ளைத் தொப்பி, அதாவது ஆலை மேலாளர், மதியத்திலிருந்தே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். ஆணியில் ஒரே ஒரு வில்லை தொங்கியது. தூக்குக்குண்டு டீக்குப் போயிருப்பார் என்று மேஸ்திரி அதைக் கழற்றிப் பையில் போட்டார். மூடி இறுக்கப்பட்டது. நான்கு மணிக்கு விருந்தாளி பொத்தானை அழுத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆறு மணிக்கு மேஸ்திரி கொத்தனாரின் வீட்டு வாசலில் நின்று வில்லையை நீட்டினார். கொத்தனாரின் மனைவி நான்கு வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் வரவில்லையே என்றாள். மேஸ்திரி செருப்பைக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

இங்கேதான் என் ரத்தம் கொதிக்கிறது. வில்லையை எடுத்தது தவறு, கைத்தவறு, மன்னிக்கலாம். ஆனால் செங்கல் விரிசல் விடாமல் இருக்க உலையை இரண்டு நாள் மெதுவாகத்தான் சூடேற்றுவார்கள். மேஸ்திரி மூச்சிரைக்க வந்து நின்றபோது உள்ளே நூற்றிருபது டிகிரிகூட இல்லை. அணைத்திருக்கலாம். உள்ளேயிருந்து ஒற்றைத் தட்டு தெளிவாகக் கேட்டது. அவருக்குக் கல் வேண்டியிருந்தது. வெள்ளைத் தொப்பி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சூட்டில் செங்கல் விரிகிற சத்தம் என்றார். இப்போது அணைத்தால் புதுச் சுவர் முழுக்கப் பாழ், விருந்தாளிகள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்றார். மறுநாள் காலை மேஸ்திரியைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். உலைப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் வேலை போய்விடும் என்றும் சொல்லிவைத்தார்கள்.

சூடு ஏறியது. தட்டும் சத்தம் நிற்கவில்லை. கேட்ட கல் வராததால் கொத்தனார் எரிந்த கறுப்பிலிருந்து உறையும் கசடை எடுத்துத் தாமே கல் அறுத்துக்கொண்டார். எங்கே தேய்கிறதோ அங்கே கட்டினார். இரண்டு வருடம் கழிந்தது, வெளியிலிருந்தே கருவி வைத்துச் சுவரை அளந்தார்கள், ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. நான்கு, ஆறு என்று வருடங்கள் போயின. உலகத்தில் வேறெந்த உலையும் இப்படி ஓடியதில்லை. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் செங்கல் என்று கட்டுரை எழுதினார்கள். வெள்ளைத் தொப்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விபத்தே இல்லாத ஆலை என்ற விருதும் வந்தது. அந்த மேடையிலிருந்து நூறடி தள்ளி உலை டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்கள்.

மனைவி ஏறாத படி இல்லை. கணவர் செத்துவிட்டார் என்று சான்றிதழ் கேட்டாள், உடல் இல்லாமல் தர முடியாது என்றார்கள். அப்படியானால் உயிரோடு இருப்பவரை வெளியே விடுங்கள் என்றாள், உலைக்குள் மனிதன் இருக்க முடியாது என்று விஞ்ஞானம் சொன்னார்கள். காவல் நிலையத்தில், வேறு ஊரில் வேறு குடும்பம் இருக்கிறதா என்று நன்றாக விசாரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கு, வேலையில் இருக்கார் என்றே சொல்லி வளர்ந்தாள். அது பொய்யில்லை.

பதினோரு வருடம் முடிந்தபின் மேஸ்திரி ஓய்வு பெற்றார். வேலை போகும் என்ற பயம் அன்றோடு தீர்ந்ததால் அன்று மதியமே கொத்தனாரின் மனைவியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். மூன்று தட்டு யாரும் கொடுக்கவில்லை, அதனால்தான் அவர் வேலையை நிறுத்தவே இல்லை என்றார். அவள் சொன்னாள்: "பதினோரு வருஷமா இது உங்களுக்குத் தெரியும். அவருக்கு யாராச்சும் ஒருத்தர் வேலை முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா போதும். நீங்க சம்பளம் வாங்கிட்டு இருந்தீங்க." மேஸ்திரி அழுதார். அழட்டும். நல்ல மனுஷன் என்று மேலே எழுதியதை நான் அடிக்கவில்லை, ஆனால் அந்த நல்லதனம் யாருக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதற்காக, ஒப்பந்தக்காரரைப் பிடித்து ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை ஒன்றை மட்டும் வாங்கிக்கொடுத்தார்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு அவள் உலையின் கீழ்த்தளத்தைப் பெருக்கிக்கொண்டே போய், சுற்றிலும் பார்த்துவிட்டு, ஓர் இரும்புக் கம்பியால் கூட்டின் மேல் தட்டினாள். ஒன்று. நிறுத்தி, இரண்டு. நிறுத்தி, மூன்று. உள்ளே கொத்துக்கரணையின் சத்தம் நின்றது. பிறகு அதே தாளத்தில் மூன்று தட்டு பதிலாக வந்தது. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மீதி இடத்தையும் பெருக்கி முடித்தாள்.

அதன் பிறகு கொத்தனார் ஒரு கல்லும் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் உலையின் வெளிக்கூட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. இனி ஓட்டினால் ஆலையே போய்விடும். வெள்ளைத் தொப்பி தளத்துக்குத் தளம் ஓடி, உள்ளே கேட்கும்படி தட்டச் சொல்லி ஆட்களை ஏவியதாகச் சொல்கிறார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று தெரிந்ததையெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். பதில் இல்லை. உலையை அணைத்தார்கள். பாதி ஊர் இருண்டது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, முதன்முதலாக எங்களுக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆறாம் நாள் மூடியைத் திறந்ததும் கொத்தனார் கரணையோடு ஏறி வந்தார். உடம்பு பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறத்தில் இருந்தது, கசடு உறைந்து உடுப்புப்போல இடுப்பை மூடியிருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, மேஸ்திரி எங்கே என்று விசாரித்தார். பிறகு வீட்டுக்கு நடந்தார். தார்ச்சாலையில் அவர் பாதம் பதிந்த குழிகளை நகராட்சி இரண்டு முறை நிரப்பியும் நிரம்பவில்லை.

வீட்டுக்குள் போனால் எல்லாம் பற்றிக்கொள்ளும் என்று அவரே முற்றத்துச் சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கம்பக்கத்தார் குடத்தில் தண்ணீரோடு வந்தபோது மனைவி தடுத்தாள். "சட்டுனு ஆத்தினா கல்லே வெடிச்சிடும். மெதுவாத்தான் ஆறணும். இத்தனை வருஷம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கலாம்." மகளுக்கு இப்போது பதினைந்து வயது. முதல் நாள் முற்றத்தின் கடைசி மூலையில் நாற்காலி போட்டுப் பாடம் படித்தாள். அப்பாவின் முகம் நினைவில் இல்லாததால் புத்தகத்துக்கு மேலே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவர்களைப் பார்த்துவிட்டு, கிழக்குச் சுவர் சாய்ந்திருக்கிறது என்றார். வாரத்துக்கு ஒரு சாண் நாற்காலி நெருங்கி வந்தது.

முதல் மாதமே ஆலையின் பணியாளர் அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார். கையெழுத்துப் போட நீட்டியவுடன் காகிதம் கொத்தனாரின் விரல் பட்டுக் கருகியது. அதிகாரி கோபப்படவில்லை. ஆறட்டும், பிறகு வருகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறுவதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் நாற்காலி அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தது. அவள் ஒரு விரலால் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு முழுக் கையையும் பிடித்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த சட்டையின் சூடுதான் இருந்தது. மனைவி உள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு, மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அதிகாரி வந்தார். வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதுக் காகிதத்தை நீட்டினார். கொத்தனார் அதை இடது கையில் வாங்கினார், எரியவில்லை. அதிகாரி திருப்தியாகப் பேனாவின் மூடியைத் திறந்தார். கொத்தனார் அதில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்: 'மேற்படி பதினோரு வருடம் மூன்று மாத காலமும் நான் யாருக்கும் தெரிவிக்காமல் என் சொந்த விருப்பத்தில் வேலைக்கு வராமல் இருந்தேன். உலைக்குள் எந்த மனிதரும் இருந்ததில்லை.'

அவர் அதை இன்னொரு முறை படித்தார். இரண்டாவது வரியை முடிப்பதற்குள் காகிதத்தின் ஓரம் பழுப்பானது, பிறகு முழுதும் பற்றிக்கொண்டது. அதிகாரியின் கையிலிருந்த பேனா உருகிச் சட்டையில் வழிந்தது. மூன்று டம்ளர் டீயும் தளதளவென்று கொதித்தது. கொத்தனாரின் உடம்பு கழுத்துவரை சிவந்து ஒளிர்ந்தது.

வலது கை மகளின் கைக்குள் இருந்தது. அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு, பாப்பா, கையை எடு என்று கத்தினார்.

"எனக்குச் சுடல சார்," என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.