வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளை

சாந்தினியின் டிராகன் பழச்செடி கொத்துக்கொத்தாய்க் காய்த்தது. என்னுடையது பூத்துப் பூத்து உதிர்ந்தது. நாங்கள் இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு, மலேசியாவில் கோத்தா திங்கியில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறோம். நான் மூத்தவள். அவள் பழம் உள்ளே வெள்ளை. என்னுடையது சிவப்பு ரகம். சிவப்புக்குத்தான் மவுசு என்று தேடிப் பிடித்து நட்டேன். காய்க்காத செடிக்கு என்ன மவுசு?

மாமியார் என் வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு அவள் பழத்தைப் புகழ்வார். எனக்கு வயிறு எரியும். அதே வாயால் என் பழத்தை ஒரு தடவை நல்லது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. சாந்தினியின் கண்தான் பட்டிருக்கிறது என்று செடியில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். அவள் செடி பட்டுப்போனால் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாகவும் வேண்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் என் செடி காய்த்தது. செடி ஏறிய தூணே சாய்கிற அளவுக்குக் காய்த்தது. மாமியாரை உட்காரவைத்துப் பழத்தை அறுத்துக் கொடுத்தேன். சாந்தினியையும் வேண்டுமென்றே கூப்பிட்டிருந்தேன்.

"இதுதான்டி பழம். அந்த வெள்ளை வெறும் தண்ணி" என்றார் மாமியார், உதடெல்லாம் சிவந்திருக்க.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாந்தினியின் முகம் வாடுகிறதா என்று பார்த்தேன். அவள் சிரித்தபடி இன்னொரு துண்டு எடுத்தாள்.

தட்டு கழுவும்போது என் பின்னாலேயே வந்தாள். அவள் புருஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை. போக வரக் கஷ்டமாக இருக்கிறதாம், அதனால் ஜோகூர் பாருவுக்கே வீடு மாறப்போகிறார்களாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அக்கா, அடுத்த தடவ நீங்களேதான் தடவிக்கணும் லா" என்றாள். "உங்க சிவப்பு தனியா காய்க்காது. வெள்ளைப் பூவோட மகரந்தம் வேணும். இந்த வருஷம் நான்தான் விடியக்காலைல பிரஷ்ல எடுத்து, வேலி வழியா கைய விட்டுத் தடவுனேன். பூவெல்லாம் உதிர்றதப் பாக்கப் பாவமா இருந்துச்சு."

பாவம் என்றாளே, அதுதான் சுட்டது. மாமியார் மெச்சிய பழமும் கடைசியில் இவள் போட்ட பிச்சை. நான் தட்டை அழுத்தித் தேய்த்தேன். புதிதாகக் குடிவருகிறவர்கள் செடி வேண்டாம் என்கிறார்கள், நாளைக்கு வெட்டிவிடுவேன் என்றாள்.

நான் வேண்டிக்கொண்டதே அதுதான். ஆனால் என் வாய் வேறு சொன்னது.

"வெட்டுறதுக்கு முன்னால நட்டு வைக்க எனக்கு ஒரு தண்டு குடு."

மறுநாள் ஒரு வாளி நிறையத் தண்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், பாவி.