பாலேந்திரன் தலையாட்டிய வாசல்கள்

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், குரோருட் தேவாலயத்துக்குக் கீழே, சரிவில் இருக்கிற வரிசை வீடுகளில், பாலேந்திரன் தலையாட்டிய கதவுகள் அதற்குப் பிறகு பூட்டுப்படவில்லை. முதலில் பாகிஸ்தான் டாக்சிக்காரரின் கதவு, அடுத்த கிழமை சோமாலியத் தாதியின் கதவு, அதற்கடுத்த கிழமை யோசெப்பின் என்கிற நோர்வேக் கிழவியின் கதவு. பூட்டுக்காரன் வந்தான். பழைய பூட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டுத் திறப்பைத் திருப்பினான். திறப்பு வடிவாய்த் திரும்பியது, கதவு மட்டும் தள்ளினால் திறந்தது. நிலையையும் மாற்றிப் பார்த்தான். கடைசியில், இது பூட்டின் பிழை இல்லை என்று சொல்லிக் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனான். களவு ஒன்றும் போகாதபடியால் காவல்துறைக்கும் இதில் வேலை இருக்கவில்லை. சனம் கதவடியில் கம்பளியைச் சுருட்டி வைத்துக் குளிரைத் தடுத்துக்கொண்டு தன்ரை பாட்டைப் பார்த்தது.

பாலேந்திரன் வழிகாட்டி. கனகாலம் ஓர் உணவகத்துக் குசினியில் நின்று முதுகு விட்டுப்போக, ஊரைக் காலால் நடந்து காட்டுகிற வேலையைப் பிடித்தவர். சனிக்கிழமைகளில் ஒஸ்லோவின் மேற்குப் பக்கத்துச் சனம் நிலக்கீழ் ரயிலில் வந்து இறங்கும். அரை மணித்தியாலப் பயணத்துக்கு முதுகுப்பையும் சுடுதண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டு, ஏதோ மலையேற வந்தது மாதிரி. அவர்களைக் கூட்டிக்கொண்டு வியட்நாம்காரரின் மரக்கறிக் கடை, டயர்க் கடைக்கு மேலேயிருக்கிற பள்ளிவாசல், எங்கடை ஆக்களின் சரக்குக் கடை எல்லாம் சுற்றி, ஆற்றங்கரையால் ஏறி, இந்த வரிசை வீடுகளுக்கு வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே ஆர் இருக்கினம், எங்கையிருந்து வந்தவை, வெள்ளிக்கிழமையில் என்ன சமைப்பினம் என்று சொல்லுவார். சும்மா சொல்லக்கூடாது, நல்லாக் கதைப்பார். கதைத்து முடிய, தான் சொன்னதைத் தானே ஒப்புக்கொள்வதுபோல அந்த வீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அந்த நேரத்தில்தான் பூட்டு விடும்.

வரிசையின் கடைசி வீடு வரதராசாவுடையது. அறுபது கடந்த மனிசன். பகலில் பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பராமரிக்கிற வேலை, மிச்ச நேரத்தில் யன்னல் மறைப்பின் இடுக்கால் தெருவைப் பார்க்கிற வேலை. மற்றவர்களின் கதவில் ஒரு பூட்டு இருந்தால் இவருடைய கதவில் மேலேயும் கீழேயும் பூட்டு, உள்ளுக்குள் சங்கிலி, அதற்கும் மேலால் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். மனைவி இந்திரா குப்பை போட வெளியில் போனாலும் உடனே பூட்டிவிட்டு, அவ வந்து தட்டினால் “ஆர்?” என்று கேட்பார். “உங்கடை பெண்சாதி” என்று அந்த மனிசி ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். முன்பின் தெரியாத ஒரு தமிழன் தெருவில் நின்று, பின்னால் அந்நியரை வரிசையாய் நிற்பாட்டி, வீடு வீடாய்ப் பார்த்துத் தலையாட்டுவதை மறைப்பின் இடுக்கால் கண்ட அன்று வரதராசா பூட்டுகளை எல்லாம் திரும்பவும் ஒருக்கால் திருகிப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் சண்டைக் காலத்தில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தால் ஆம்பிளைகளை எல்லாம் வெளியில் எடுத்து வெயிலில் வரிசையாய் இருத்துவார்கள். ஆமி வாகனத்துக்குள் சாக்கால் தலையை மூடின ஒருவன் இருப்பான், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வேறு ஆரும் இல்லை, காட்டிக்கொடுக்கிற எங்கடை ஆள்தான். அவன் ஒருவனைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அந்த ஒருவனைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனைச் சொல்வது. வரதராசாவும் தம்பி சோதிலிங்கமும் அப்படியொரு வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். சாக்கு வரதராசாவைப் பார்த்தது, ஆடவில்லை. பத்தொன்பது வயதுத் தம்பியைப் பார்த்தது. இரண்டு தரம் ஆழமாய் ஆடி, முடிவில் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தது. இடுப்பில் கட்டின சாரத்தோடும் வெறுங்காலோடும் பொடியனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை. முப்பத்தைந்து வருசம் கழித்து, டாக்சிக்காரரின் கதவுக்கு முன்னால், அதே இரண்டு ஆட்டமும் அதே இடப்பக்கச் சரிவும் வரதராசாவின் கண்ணில் பட்டன.

கோயிலில் அவர் ஒருவரிடம்தான் சொன்னார். அது போதும். உவன் ஆர், எந்த ஊர், ஆரின்ரை ஆள் என்று அன்னதான வரிசையில் கேள்வி முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது. பாலேந்திரன் தீவுப்பகுதி என்று ஒருவர் சொன்னார், இல்லை வடமராட்சி என்று இன்னொருவர் சொன்னார், இரண்டு ஊர்க்காரனோ என்று மூன்றாமவர் சந்தேகப்பட்டார். தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்து விடுகிறானே, முகத்தை மறைக்கத்தானே என்றார்கள். வெளியில் உறைபனி, கேட்டவர்களின் தொப்பியும் கண் வரைக்கும்தான் இருந்தது. பாலேந்திரனின் மனைவி சத்தியபாமா கொண்டுவந்த வடைத் தட்டம் ஒருவரும் கை வைக்காமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. கலியாண வீட்டில் அவர்கள் இருந்த மேசையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. பாவம், அந்த மனிசி பிறகு கோயிலுக்கே வரவில்லை. பாலேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சனம் அவருக்கு எதிராகவே எடுத்தது.

இதற்கிடையில், பூட்டுப்படாத கதவுகளால் வரத்துத் தொடங்கியது. முதல் பனி கொட்டின கிழமையில், டாக்சிக்காரரின் பூனை வந்தது. மகள் பாலர் வகுப்பில் படிக்கும்போது காணாமற்போன பூனை, மகள் இப்போது சட்டம் படிக்கிறாள், பூனைக்கு ஒரு நாள்கூட வயது போகவில்லை. பிறகு சோமாலியத் தாதி அகதியாய் வந்த அன்று விமானத்தில் தொலைத்த பெட்டி, தன் சில்லுகளிலேயே சரிவை ஏறி வந்து அடுப்படியில் நின்றது. தை மாதம் யோசெப்பினின் புருசன் வந்தார். முப்பது வருசத்துக்கு முந்தி, லில்லஹாமர் ஒலிம்பிக்குக்கு முந்தின மாரியில் காட்டுக்குள் பனிச்சறுக்கப் போய்த் திரும்பாதவர். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சறுக்குப் பலகைகளைச் சுவரில் சாத்திவிட்டு, கோப்பி இருக்கோ என்று கேட்டிருக்கிறார். முதலில் நிலத்தைத் துடை என்று கிழவி சொன்னாளாம். இப்போது இரண்டு பேரும் பின்னேரங்களில் கை கோத்துக்கொண்டு நடக்கிறார்கள், தாயும் மகனும் என்று புதிதாய் வந்த ஆட்கள் நினைக்கிறார்கள்.

வரதராசாவின் வாசலுக்கு மட்டும் பாலேந்திரன் தலையாட்டவில்லை. அந்த வீடு வந்ததும் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்தை விறுவிறென்று கடத்திக்கொண்டு போனார். தன்னை அடையாளம் கண்டபடியால்தான் ஒளிக்கிறான் என்று வரதராசா முடிவு கட்டினார். வரிசையிலேயே பூட்டுப்படுகிற கதவு அது ஒன்றுதான் என்று ஆனபிறகு, அயலவர்கள் வரதராசாவைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். வீட்டுச் சங்கத் தலைவி எமிலியா வந்து, உள்ளே ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அவர் சங்கிலியைக் கழற்றாமல், இல்லை என்றார்.

அந்தக் கிழமைதான் இந்திரா காலடிகளைக் கண்டா. ரயில் நிலையப் பக்கமிருந்து வெறுங்கால் அடிகள் பனிக்குள்ளால் வந்து, அவர்களுடைய வாசற்படியில் முடிந்திருந்தன. படியில் ஒருவர் குந்தியிருந்த அளவுக்குப் பனி உருகியிருந்தது. இடது பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்த கால். அந்தக் காலுக்கு இந்திரா ஒருகாலத்தில் முள் எடுத்துவிட்டிருக்கிறா, அவ சோதிலிங்கத்துக்கு மாமன் வழி மச்சாளும் கூட. புருசன் வேலைக்குப் போனபிறகு எல்லாப் பூட்டையும் திறந்து, கதவை விரியத் திறந்து வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. திறப்பால் திறந்த கதவால் குளிர்தான் வந்தது.

“உது உங்கடை தம்பியின்ரை கால்” என்று பின்னேரம் அழுதுகொண்டு சொன்னா.

“காலடியை ஆரும் செய்யலாம். என்னை வெளியிலை எடுக்கத்தான் உந்த விளையாட்டு” என்றார் வரதராசா. அடுத்த நாள் கதவில் இன்னொரு பூட்டு ஏறியது.

மருந்துக் கடையில் வேலை செய்கிற மகள் நிருஜாவும் சொல்லிப் பார்த்தாள். “அப்பா, எங்கடை அயலுக்கை எல்லாற்றை வீட்டுக்கும் துலைஞ்சது திரும்பி வந்திட்டுது. சித்தப்பா குளிருக்கை நிக்கிறார். அந்த மனிசனிட்டை ஒருக்கால் கேளுங்கோவன்.”

“என்ரை தம்பியைக் குடுத்தவனிட்டையோ? செத்தாலும் கேக்கமாட்டன்.”

வாயால் சொன்னது அது. பொழுது பட, ஆருக்கும் தெரியாமல் ஒரு சோடிக் கம்பளிக் காலுறையைப் படியில் வைத்தும் வந்தார். விடிய அது உறைந்து, தொடப்படாமல் கிடக்கும். எடுத்து ஹீட்டரில் காயவைத்து, திரும்பவும் வைப்பார். மாசி முழுக்க இது நடந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை.

பங்குனியில் பனி இளகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை காலை, காலடிகள் வாசலுக்கு வரவில்லை. தபாற் பெட்டிகள் வரைக்கும் வந்து, அங்கே நின்று, திரும்பி, ரயில் நிலையத்தை நோக்கிப் போயிருந்தன. இந்திரா மாடிப்படியில் இருந்து வாய்விட்டு அழுதா. வரதராசா பூட்டுகளைத் திறக்கத் தொடங்கினார். தானே பூட்டின பூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு திறப்பு, எது எதற்கென்று அவருக்கே பிடிபடவில்லை. ஒருமாதிரித் திறந்து, வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கி ஓடினார். பாலேந்திரன் அப்போதுதான் தன்னுடைய கூட்டத்தோடு சரிவை ஏறி வந்துகொண்டிருந்தார்.

“நில்லும். ஏன் என்ரை வீட்டுக்கு மட்டும் தலையாட்டுறீர் இல்லை?”

பாலேந்திரன் தொப்பியைக் கழற்றினார். “தமிழற்றை வீட்டைப் பாத்து என்னாலை தலையாட்ட ஏலாது அண்ணை. நானும் வரிசையிலை இருந்தனான். எனக்குப் பக்கத்திலை இருந்தவனுக்குத்தான் ஆட்டினவங்கள்.”

“தலையாட்டியும் இதைத்தான் சொல்லுவான்.”

“ஓம் அண்ணை. சொல்லுவான்.”

மேற்குப் பக்கத்துச் சனம் சுற்றி நின்று பார்த்தது. இது எந்த மொழி என்று சுடுதண்ணிப் போத்தல்காரர் ஒருவர் மெதுவாய்க் கேட்க, அவரின் மனைவி அவருடைய கையைக் கிள்ளினாள். வரதராசா அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். சாக்கில்லாத முகம். அதில் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? கண் இரண்டும் கலங்கியிருந்தன, குளிருக்கும் அப்படிக் கலங்கும். தம்பி ரயில் ஏறப் போகிறான் என்பது மட்டும்தான் அவருக்கு நிச்சயமாய்த் தெரிந்தது.

“நீர் ஆராய் இருந்தாலும் இரும்” என்றார் வரதராசா. “ஆட்டும் ஐயா. கும்பிட்டுக் கேக்கிறன், என்ரை வாசலைப் பாத்து ஆட்டும்.”

பாலேந்திரன் தொப்பியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நேரே வந்து நின்றார். பிறகு கடைசி வீட்டின் கதவைப் பார்த்து இரண்டு தரம் தலையை ஆட்டினார். முடிவில் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தது. இந்திரா பழக்கதோசத்தில் திரும்பவும் சாத்திப் பூட்டியிருந்த பூட்டுகள் மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாய் விடுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது, தாழ்ப்பாள் கடைசியாய் விழுந்தது. ரயில் நிலையப் பக்கமிருந்து ஒரு பொடியன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பனிக்குள் வெறுங்காலோடு, எல்லாரையும் விலத்தி நடந்து வந்தான். படியில் கிடந்த காலுறையை எடுத்துப் பார்த்தான். “அண்ணை, உது கைக்கோ காலுக்கோ?” என்று கேட்டான். வரதராசா தன் காலைத் தொட்டுக் காட்டினார். “பசிக்குது” என்று சொல்லிவிட்டுப் பொடியன் உள்ளே போனான்.

இந்திரா சோறு போட்டா. கூட்டமும் உள்ளே வந்து, சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாய் வைத்துவிட்டு, சுவரோரமாய் நின்று பார்த்தது, ஆளுக்கொரு பால் விடாத பிளேன்ரீயும் குடித்தது. வாசலில் நின்ற பாலேந்திரனை இந்திராதான் கையைப் பிடித்து இழுத்து மேசையில் இருத்தினா. சோதிலிங்கம் முதற் பிடியை வாயில் வைத்தபடி அவருடைய முகத்தைப் பார்த்தான், தேத்தண்ணி ஆறுகிற நேரம் வரைக்கும் பார்த்தான். பிறகு சம்பல் கோப்பையை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்பவும் சாப்பிடத் தொடங்கினான்.

சோதிலிங்கத்துக்கு இப்போதும் பத்தொன்பது. பிறந்த ஆண்டும் முகமும் பொருந்தவில்லை என்று ஆட்பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். யோசெப்பினின் புருசனுக்கும் அதுதான் நிலைமை, இரண்டு பேரும் ஒன்றாய்ப் போய் வரிசையில் நிற்கிறார்கள். தன்னைவிட வயது குறைந்த சித்தப்பாவுக்கு நிருஜா சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள், அவன் அதை ஒரு நாளும் போடுவதில்லை. சத்தியபாமா திரும்பவும் கோயிலுக்கு வடை கொண்டுவருகிறா, தட்டம் பாதிதான் காலியாகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நடை முடிய பாலேந்திரன் கடைசி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். வரதராசா எதிரே இருந்து அவரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்க்கிறார். அண்டைக்குச் சாக்குக்குள்ளை இருந்தவன் இவன்தானோ என்று தம்பியிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் அவரிடம் இருக்கிறது. சோறு முடிந்து தம்பி நிமிர்கிற அந்த நேரத்தில், “இந்திரா, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடும்” என்கிறார். பொடியன் சாப்பிட்டு முடியட்டும், பிறகு கேட்கலாம்.